எட்டும் தூரம்

அக்கா,

இன்று காலை மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் எறணாகுளம் போகும் போட்டுக்காக நின்றிருந்தேன். போட்டு வந்து அணையும் நேரத்தில் சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு மேலேயிருந்து மணிக்கயிற்றை இரண்டு தடவை இழுத்தார். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டச் சொல்லி, கீழே எஞ்சின் குழியில் இருப்பவருக்குக் கொடுக்கும் மணி. எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! இன்று அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த தூக்குப்பாத்திரம் நழுவி விழுந்தது. அம்மா கட்டித் தந்த ஆப்பமெல்லாம் சேற்றில். பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரச் சேச்சி, "எந்து பற்றி மோனே, தலை சுத்துதோ?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்றேன். குனிந்து பாத்திரத்தை எடுத்தேன்.

நேற்று உங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். நீங்கள் போய் முப்பத்தைந்து நாள் ஆகிறது. மையத்தை அடக்கம் செய்ய எடுத்த அன்று ஆண்கள் கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்பியவன், நேற்றுத்தான் உங்கள் மகள் ஜமீலாவைப் பார்க்க ஆலுவாவிலிருந்து வந்தேன். அவள் சாயா கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, நன்றியோடு சொன்னாள்.

அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? இத்தனை வருஷமும் விஷயம் தெரிந்திருந்த ஒரே ஆள் நீங்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். ஜமீலாவுக்குப் படிக்க எழுத மலையாளம்தான் சரளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நமக்குள் எழுதிக்கொள்ளத் தமிழ் இருப்பது இப்போதைக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

ஐம்பத்தைந்தாம் வருஷம் எனக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். உங்களுக்கு இருபத்துநான்கு இருக்கும், ஜமீலாவுக்கு நான்கு. ஒரே சந்தில் எதிரெதிர் வீடு. உங்களை அக்கா என்று கூப்பிட்டதால் உங்கள் வீட்டுக்காரர் எனக்கு மச்சான் ஆனார். எறணாகுளத்துக்கு ஓடும் பயணிகள் போட்டில் மச்சான்தான் எஞ்சின் டிரைவர். மேலே சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்கு, கயிறு வீசிக் கட்டுபவர் லாஸ்கர், கீழே டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டுபவர் மச்சான்.

எங்கள் அத்தா யூதர்கள் தெருவான ஜூ டவுனில் மிளகுக் கோடவுனில் தராசு பிடித்தவர். "தூசி தின்னது நான் ஒருத்தன் மதி, போதும். நீ மேசைக்குப் பின்னால உட்காரு" என்பார். முடிவு வந்ததும் என்னைக் கணக்கெழுத அனுப்புவதாகக் கோடவுன்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தார். எனக்கோ அந்த நாளில் எஞ்சின் தவிர வேறு நினைப்பே கிடையாது. எந்தச் சாக்கிலாவது எறணாகுளத்துக்குப் போவேன், வருவேன். எஞ்சின் குழியின் ஓரத்துப் பலகைதான் என் இடம். காலடியில் பலகை அதிர்வது முதுகெலும்பு வரைக்கும் வரும். மச்சான் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மறுகாதால் எஞ்சினைக் கேட்பார். "மூணாவது சிலிண்டர் இன்னைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்குடா" என்பார். எனக்கும் அது கேட்டதாகத் தோன்றும்.

ஆனால் அவர் என்னை இந்த வேலைக்கு அழைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். "டீசல் மெக்கானிக் ஆகப் போறேன் மச்சான்" என்று நான் சொன்ன அன்று அவர் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடம் முடிச்சவனுக்கு எதுக்குடா இது? என் காது பாதி போயாச்சு. ராத்திரி உங்க அக்கா கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கிறதில்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, போட்டு ஜெட்டியில் கட்டிக் கிடந்தபோது எஞ்சினை நிறுத்தும் பிடியைக் காட்டினார். குழியின் விளிம்பில், சிவப்புச் சாயம் அடித்த இரும்புப் பிடி. கீழே அழுத்தினால் எண்ணெய் போகும் வழி அடைபடும், எஞ்சின் நின்றுவிடும். "அழுத்து" என்றார். அழுத்தினேன். அவ்வளவு பெரிய எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு என் கைக்குக் கீழே அடங்கியது. இன்னொரு நாளும் அழுத்த விட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமலே எனக்கு அது எட்டும்.

இன்னொன்றும் அப்போது பார்த்தேன். எஞ்சினிலிருந்து பின்னால் போய்ச் சுழலும் ஷாஃப்டின் இணைப்புக்கு மேல் ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். துருப்பிடித்துப் பிளந்துவிட்டது என்று கழற்றிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. ஒருநாள் போட்டு முதலாளி ஜெட்டிக்கு வந்தபோது, "மூடி என்னாச்சு முதலாளி?" என்று மச்சான் என் எதிரிலேயே கேட்டார். "வரும், வரும். போட்டு ஓடட்டே" என்றார் முதலாளி. ஜூன் மாதத்து இடவப்பாதி மழையும் வந்துவிட்டது; மூடி வரவில்லை.

அந்த நாளைப் பற்றி உங்களிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறேன்.

முடிவு வந்து நான் பாஸாகியிருந்தேன். அத்தாவுக்குத் தெரியாமல் எறணாகுளம் போய் டெக்னிக்கல் ஸ்கூலில் டீசல் மெக்கானிக் படிப்புக்கு ஃபாரம் வாங்கிக்கொண்டு மதியப் போட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஃபாரம் நனையாமல் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தேன். கொட்டுகிற மழை. படுதாக்களை இறக்கிக் கட்ட லாஸ்கருக்குத் துணையாக மேலே போன மச்சான் முழுக்க நனைந்து வந்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுப் பிழிந்தார். என்னைப் பார்த்து, "பாஸ்தானே? உங்க அக்கா பாயசம் வைக்கிறேன்னா" என்றார். அப்படியே குழிக்குள் இறங்கி ஷாஃப்டைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

கைலியின் ஓரம் இணைப்பில் மாட்டியது. ஒரு சுற்று. அடுத்த சுற்று. அவர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். மழையும் எஞ்சினும் சேர்ந்த இரைச்சலில் அது மேலே யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

என் கை மடியிலிருந்து எழும்பவில்லை, அக்கா. சிவப்புப் பிடி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதுதான் நிறுத்தும் பிடி என்று எனக்குத் தெரியும். அழுத்த வேண்டும் என்றும் தெரியும். பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை ஏதோ வேறொருவனுடைய கையைப் போல ஃபாரத்தின் மேல் கிடந்தது. லாஸ்கர் முன்பக்கத்திலிருந்து ஆட்களின் கால்களை மிதித்துக்கொண்டு ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டுப் பிடியை அழுத்தினார். பத்து எண்ணும் நேரம் இருக்கும். கூடவும் இருக்கலாம். எஞ்சின் நின்றதும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மேலேயிருந்து ஸ்ராங்கு, "எந்தாடா நிர்த்தியது? எந்தாடா?" என்று மணியை அடித்துக்கொண்டேயிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மச்சானுக்கு நினைவில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. நீங்கள் வந்து சேர்வதற்குள்.

ஒரு வாரம் நான் வாய் திறக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வலது கையைப் பார்த்துக்கொண்டேயிருப்பேன். அம்மா ஊட்டிவிட்டாள். பயந்த பிள்ளை என்று எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். எதிர்வீட்டில் நீங்கள் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாத இத்தாவில் அறைக்குள் உட்கார்ந்திருந்தீர்கள். வெள்ளைத் துணியின் ஓரம் கூட என் கண்ணில் படவில்லை. ஜமீலா மட்டும் வாசலுக்கு வந்து, "அத்தா எப்போ வரும்?" என்று போகிறவர்களையெல்லாம் கேட்டாள். ஃபாரத்தை அடுப்பில் போட்டேன். அத்தாவிடம் போய், கோடவுனுக்கே வருகிறேன் என்றேன். அவர் என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜரிகை முண்டோடு நம் சந்தில் அவரைப் பார்த்ததில்லை. அத்தா ஓடிப்போய் நாற்காலி இரவல் வாங்கி வந்தார்.

"மோன் பாஸாயில்லே?" என்றார் முதலாளி. "எஞ்சின் பணியில் கம்பம், ஆசை உண்டென்னு கேட்டேன். மோனை எனக்குத் தா. அதே போட்டில் அசிஸ்டெண்டா நிக்கட்டே. லைசன்ஸுக்கு நான் எழுதிப்பிக்காம்."

அத்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பின்னே, விசாரிக்க ஆபீசர் வரும்" என்று அவர் எழுந்துகொண்டே சொன்னார். "மோன் என்ன கண்டான்னு கேட்கும். நனைஞ்ச கைலியை இறக்கி விட்டு இறங்கினான், அது மாட்டிச்சு. அதைச் சொன்னா மதி. மூடி கீடின்னு ஒண்ணும் பறைய வேண்டாம். கேட்டல்லோ?"

அக்கா, இதை நாம் பேசிய அன்று உங்களிடம் சொன்னேனா என்று நினைவில்லை. அவர் "எனக்குத் தா" என்று சொன்னவுடன் எனக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம். மச்சான் இறங்கிய அதே குழி. அவர் ரத்தத்தைக் கழுவிப் பதினைந்து நாள் கூட ஆகவில்லை. அந்த இடம் எனக்கு என்றதும் ஒரு நொடி நெஞ்சு துள்ளியது. பிறகு அந்தத் துள்ளலை நினைத்துக் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள்.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து வீட்டில் நானும் அம்மாவும்தான். கொல்லைக் கதவு தள்ளித் திறந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியில் நீங்கள் கிணற்றடியில் நின்றீர்கள். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"யா அல்லாஹ்! இத்தாவில் இருக்கிறவ வெளிய வரலாமா? யாராச்சும் பார்த்தா?"

"பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும், மாமி. உங்க மோன்கிட்ட ஒண்ணு கேட்கணும். கேட்காம என்னால உட்கார முடியலை."

"அவன் முன்னாடி நீ…"

"இவன் எனக்குத் தம்பி. நீங்க முன்வாசல்ல போய் நில்லுங்க."

அம்மா போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். மூடியைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்கும் ஜமீலாவுக்கும் நஷ்டஈடு கிடைப்பதும் கிடைக்காததும் என் வாயில்தான் இருக்கிறது என்று சந்து முழுக்கப் பேச்சு. அழுவீர்கள், காலில் விழுவீர்கள் என்று பயந்தேன்.

நீங்கள் அழவில்லை. "நீ அன்னைக்கு எங்க உட்கார்ந்திருந்தே?" என்று கேட்டீர்கள்.

"குழி பக்கத்துல."

"நிறுத்துற பிடி உனக்கு எட்டுமா?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அத்தா கேட்கவில்லை, முதலாளி கேட்கவில்லை, லாஸ்கர்கூடக் கேட்கவில்லை.

"அவரு என்கிட்ட சொன்னாரு" என்றீர்கள். "எதிர்வீட்டுப் பையன் எஞ்சினை நிறுத்தினான், கையில பயமே இல்லை, நல்லா வருவான்னு ஒருநாள் வந்து சொன்னாரு. அதான் கேட்கிறேன். எட்டுமா?"

"எட்டும்."

"பின்னே?"

எல்லாவற்றையும் சொன்னேன். கை எழும்பாததை, அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை, லாஸ்கர் என்னைத் தள்ளியதை. நடுவில் நிறுத்த முயன்றபோதெல்லாம் "சொல்லு" என்றீர்கள். முடிந்ததும் கிணற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள். வெள்ளைத் துணி காற்றில் அசைந்தது. என்னை அடிப்பீர்கள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

"கொஞ்சம் தண்ணி தா" என்றீர்கள். கொடுத்தேன். குடித்தீர்கள்.

"முதலாளி வேலை தர்றேன்னாராமே?"

"ஆமா. நான் போகலை. எஞ்சின் பணியே வேண்டாம் அக்கா. கோடவுனுக்குப் போறேன்."

"அந்த ஆள்கிட்ட போகாதே. ஆனா பணியை விடாதே."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று உங்களை நிமிர்ந்து பார்த்தேன்.

"உன் கை எழும்பலைன்னு உனக்குத் தெரியும்" என்றீர்கள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "இனி அந்த மாதிரி இடத்துல உட்காரப் போறவனுக்கு, தன் கை எழும்புமா எழும்பாதான்னு தெரியாது. எல்லாம் எழும்பும்னு நினைச்சுட்டுத்தான் உட்காருவான், உன்னை மாதிரி. நீ போ. நல்லாப் படி. அடுத்தவாட்டி எழும்பணும்."

"என்னால முடியாது அக்கா."

"முடியாதுன்னா கோடவுன்ல உட்கார்ந்து ஆயுசு முழுக்க அந்தக் கையைப் பார்த்துட்டு இரு."

கொல்லைக் கதவுவரை போய்விட்டுத் திரும்பினீர்கள். "பொறுத்துட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வந்தா சொல்றேன். மூடி விஷயம் உன் இஷ்டம், அதைக் கேட்க வரலை."

போய்விட்டீர்கள். அம்மா உள்ளே வந்து, "என்னடா கேட்டா?" என்றாள். "மச்சான் கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டாங்க" என்றேன். இன்றுவரைக்கும் அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விசாரணை ஜெட்டிப் பக்கத்து அறையில் நடந்தது. முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தார். மூடி இல்லாததைச் சொன்னேன். மச்சான் கேட்டதையும் அவர் "போட்டு ஓடட்டே" என்றதையும் சொன்னேன். ஆபீசர் எழுதிக்கொண்டார். நிறுத்தும் பிடியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களுக்குச் சேர வேண்டியது வந்து சேர்ந்தது. அதில் நீங்கள் தையல் மெஷின் வாங்கினீர்கள். எனக்கு மட்டாஞ்சேரியில் எந்தப் போட்டுக்காரரும் வேலை தரமாட்டார் என்று ஆகிவிட்டது. டெக்னிக்கல் ஸ்கூலில் ஃபாரம் கொடுக்கும் நாளும் கடந்துவிட்டது. பிறகுதான் ஆலுவாவில் பஸ் வொர்க்ஷாப்பில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அத்தாவிடம் அதைச் சொன்னபோது நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை. "தராசு எனக்கு வேண்டாம் அத்தா" என்றேன், அவ்வளவே. அவர், "கோடவுன்ல வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடுறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு இப்போதும் கேட்கும்.

முதல் ஆறு மாதம் ஒவ்வொரு எஞ்சின் உறுமலுக்கும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். மேஸ்திரி என்னைப் பெண்பிள்ளை என்று கேலி செய்தார். எந்த வண்டியின் கீழ் நுழைந்தாலும், எந்த எஞ்சினைத் திறந்தாலும் முதலில் நிறுத்தும் பிடி எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பேன். சுற்றும் பாகம் எதற்காவது மூடி இல்லை என்றால் வண்டியைத் தொடமாட்டேன். அதற்காக இரண்டு தடவை முதலாளிகளோடு சண்டை போட்டிருக்கிறேன், ஒரு தடவை வேலையும் போனது. கல்யாணமாகி ஆலுவாவிலேயே தங்கினேன்.

பெருநாளுக்கு வரும்போதெல்லாம் உங்களைப் பார்ப்பேன். மெஷினுக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கி "வந்தியா?" என்பீர்கள். அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டீர்கள். நான் மெக்கானிக்காகி முதல் பெருநாளைக்கு வந்தபோது மட்டும், ஜமீலா வெளியே போன நேரமாகப் பார்த்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"அந்த மாதிரி சமயம் ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லை அக்கா."

நூல் உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை நாக்கில் வைத்து ஈரமாக்கினீர்கள். "வராம இருக்கட்டும்" என்றீர்கள்.

அதுதான் கடைசி. பொறுத்துக்கொண்டதாக நீங்கள் சொல்லவேயில்லை. நானும் கேட்கவில்லை. மஞ்சள்காமாலையில் படுத்திருக்கிறீர்கள் என்று தகவல் வந்து நான் புறப்படுவதற்குள், நீங்கள் போய்விட்ட தகவலும் வந்துவிட்டது. சொல்லாமலே போய்விட்டீர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இனி நேற்று நடந்தது.

ஜமீலா சாயாவை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பதினெட்டு வயது, முகம் அப்படியே மச்சான். "மாமா, உங்களுக்கு நான் ஒரு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன்" என்றாள்.

"எதுக்கு?"

"நான் பள்ளிக்கூடம் போற காலத்துல யாரோ சொன்னாங்க, அத்தா போனப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு. அம்மாகிட்ட வந்து கேட்டேன். அம்மா சொல்லுச்சு: மாமா எஞ்சினை நிறுத்தக் கையை நீட்டினாரு, ஆனா எட்டலை, பிடி தூரத்துல இருந்துச்சு, பாவம் கொச்சுப் பையன், சின்ன வயசு, எவ்வளவோ எக்கிப் பார்த்தாருன்னு. நான் எப்போ கேட்டாலும் அதையே சொல்லும். ஆஸ்பத்திரியில கூடச் சொல்லுச்சு, மாமா வந்தா மரியாதையா நடந்துக்கோன்னு."

கிளாஸ் என் கையில் இருந்தது. சூடு தெரியவில்லை.

அக்கா, பொய்யே சொல்லாதவர் நீங்கள். இத்தாவில் வெளியே வந்ததைக்கூட மறைக்காதவர். உங்கள் சொந்தப் பிள்ளையிடம், அவளுடைய அத்தாவின் சாவைப் பற்றி, இத்தனை வருஷம்? எட்டும் என்று என் வாயால் சொன்னதை நின்று கேட்ட நீங்களா?

சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பொய் எல்லோருக்கும் நல்லதாகவே இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி. என்னால் தாங்க முடியவில்லை.

"எட்டும் தூரத்துலதான் இருந்துச்சு, ஜமீலா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "பிடி எனக்கு எட்டும். நான் கையை நீட்டலை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். உங்க அம்மாவுக்கு அது தெரியும். நானே சொல்லியிருக்கேன்."

அவள் முகம் வெளுத்தது. மெதுவாக எழுந்து, என் கையிலிருந்த கிளாஸை வாங்கி, அதைக் கீழே வைக்க இடம் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"பின்னே அம்மா எதுக்கு அப்படிச் சொல்லுச்சு?" என்றாள். பிறகு, "எனக்காகவா, உங்களுக்காகவா?" என்றாள்.

கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தேன்.

"நீங்க இன்னைக்குப் போங்க மாமா" என்றாள். அழவில்லை. அந்தக் குரலும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுறதுக்கு வாங்க. அன்னைக்கு எனக்கு என்ன தோணுதுன்னு பார்க்கலாம்."

இராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்தேன். அவளுக்காக என்றால், ஒரு பையன் சும்மா உட்கார்ந்திருந்ததால் அத்தா போனார் என்ற நினைப்போடு அந்தப் பிள்ளை வளர வேண்டாம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்காக என்றால், கிணற்றடியில் வாய்க்கு வராத வார்த்தையைத்தான் அவளிடம் வேறு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் எப்போது பொறுத்துக்கொண்டீர்கள், அக்கா? அவள் முதல் தடவை கேட்ட அன்றா? அல்லது அது பொய் என்று நீங்கள் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் அறிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னீர்களா? எதிர்வீட்டில் என் அம்மா முகத்தில் தினமும் கசப்பில்லாமல் விழிக்க வேண்டியிருந்ததே, அதற்காக, உங்களுக்காகவே சொல்லிக்கொண்டீர்களா?

எனக்கு நீங்கள் தந்துவிட்டுப் போன வேலை இருக்கிறது. பதினான்கு வருஷமாகச் செய்கிறேன். நல்ல மெக்கானிக் என்றுதான் ஊரில் பெயர். ஆனால் இந்த வருஷங்களில் அப்படி ஒரு சமயம் எனக்கு வரவேயில்லை. வந்தால் என் கை எழும்புமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதோடு இப்போது ஜமீலாவின் கேள்வியும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை நாற்பது. போவேன். அவள் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன்.